சுவரைத் தெரிஞ்சுக்கிட்டு கறையில கை வை

தங்கச்சி, சுவர்ல ஒரு கறை கண்ணுல பட்டதும் கை தானா பாத்திரம் தேய்க்கிற ஸ்கிரப்பரைத் தேடும். அதை முதல்ல நிறுத்து. கறையால அழகு கெட்ட சுவரைவிட, கறையை எடுக்கிறேன்னு தேய்ச்சுத் தேய்ச்சுப் பாழாக்கின சுவரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கேன். பேனாக் கிறுக்கல் போயிருக்கும். அதுகூடவே பெயிண்ட்டும் போய், உள்ள இருக்கிற பட்டி வெள்ளையாத் தெரியும். என்ன கறைன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி என்ன சுவர்னு பாரு. கறையும் ஒண்ணு, மருந்தும் ஒண்ணுன்னாலும், ஒரு சுவர்ல அது சுத்தமாப் போகும், இன்னொரு சுவர்ல திட்டா நின்னுடும்.

நம்ம வீடுகள்ல உள்சுவருக்குப் பூசியிருக்கிறது பெரும்பாலும் நாலுல ஒண்ணு: சுண்ணாம்பு, டிஸ்டம்பர், எமல்ஷன், எனாமல். வாடகை வீட்டுல எது அடிச்சிருக்காங்கன்னு ஓனரைக் கேட்டா அவருக்கே நினைவு இருக்காது. நீயே கண்டுபிடிச்சுக்கலாம். பீரோவுக்குப் பின்னாடியோ கதவு மறைவிலயோ உள்ளங்கையை வெச்சு லேசாத் தேய்ச்சுப் பாரு. கையில வெள்ளையாப் பொடி ஒட்டினா சுண்ணாம்பு. ஒட்டலைன்னா அதே இடத்துல ஈரத்துணியால அஞ்சாறு தடவை தேய். துணியில சுவரோட கலர் இறங்கினா டிஸ்டம்பர். கலர் இறங்காம, தண்ணி பட்ட இடம் மட்டும் கொஞ்சம் கறுத்து அப்புறம் காஞ்சிடுச்சுன்னா எமல்ஷன். தண்ணி உள்ள இறங்காம முத்து முத்தா நின்னு வழிஞ்சா, சுவரும் பளபளன்னு இருந்தா எனாமல். 'ஆயில் பெயிண்ட்'னு கடையில சொல்றது இதைத்தான். பழைய வீடுகள்ல சமையலறைச் சுவருக்கு இடுப்பு உயரம் வரைக்கும் இதை அடிச்சிருப்பாங்க.

எனாமலுக்குப் பயப்படவே வேணாம், சோப்புத் தண்ணியை நல்லாத் தாங்கும். எமல்ஷன் பதமாத் துடைச்சாத் தாங்கும். அதுலயும் பளபளப்பு இல்லாத மேட் வகையை அழுத்தித் தேய்ச்சா, கறை போன இடத்துல மட்டும் மினுமினுன்னு ஒரு திட்டு விழும். பகல்ல தெரியாது. சாயங்காலம் டியூப்லைட் போட்டதும் பக்கவாட்டுல நின்னு பார்த்தா நல்லாத் தெரியும். அந்தத் திட்டை எதுவும் எடுக்காது, மறுபடி பெயிண்ட்தான் அடிக்கணும். டிஸ்டம்பருக்கு ஈரம் ஆகாது. துடைச்சே ஆகணும்னா ஒத்தி ஒத்தித்தான் எடுக்கணும். சுண்ணாம்புச் சுவரைத் துடைக்கவே கூடாது. அதுக்கு வேற வழி இருக்கு, பின்னாடி சொல்றேன். புதுசா எமல்ஷன் அடிச்ச வீடுன்னா ஒரு மாசம் போகட்டும். தொட்டாக் காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா உள்ள முழுசா இறுகியிருக்காது. அதுக்குள்ள கழுவினா தடம் விழுந்துடும்.

துடைக்கிறதுக்குப் பழைய வெள்ளை வேட்டிக்கு ஈடு கிடையாது. நைட்டித் துணி, கலர் துண்டு எதுவும் வேணாம். சாயம் விட்டா ஒரு கறைக்கு ரெண்டு கறை. ரெண்டு வாளி எடுத்துக்கோ. ஒண்ணுல அரை வாளித் தண்ணிக்குப் பாத்திரம் கழுவுற திரவம் ஒரு டீஸ்பூன், அது போதும். இன்னொண்ணுல வெறும் தண்ணி. துணியைச் சொட்டு விழாத அளவுக்கு முறுக்கிப் பிழி. சுவர் முழுக்கத் துடைக்கிறதா இருந்தா கீழேயிருந்து மேல போ. மேலேயிருந்து ஆரம்பிச்சா அழுக்குத் தண்ணி காஞ்ச சுவர்ல கோடு கோடா இறங்கும், அந்தக் கோடு ஒட்டினா ஒட்டினதுதான். ஏற்கெனவே நனைஞ்ச சுவர்ல வழிஞ்சா ஒட்டாது. நல்ல தண்ணியால அலசித் துடைக்கும்போது மட்டும் மேலேயிருந்து கீழே வா. இந்த ரெண்டாவது துடைப்பை விட்டுடாதே. சோப்பு தங்கின இடம் தூசியை இழுத்துக்கிட்டு சீக்கிரமே கறுத்துடும்.

இனிமே நான் எதைப் போடச் சொன்னாலும், முதல்ல ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மறைவான இடத்துல போட்டு, காயவிட்டுப் பார்த்துட்டுத்தான் நடு ஹால்ல கை வைக்கணும். இதுல மட்டும் அவசரப்படாதே.

முதல்ல எண்ணெய்க் கறை. நம்ம வீட்டுச் சுவருக்கே உரிய கறை இது. தாத்தா சாய்ஞ்சு பேப்பர் படிக்கிற இடம், கட்டில் தலைமாடு, டிவிக்கு எதிர்ல தரையில உட்கார்ற இடம், இங்கெல்லாம் உட்கார்ந்த ஆளோட தலை உயரத்துல வட்டமா ஒரு திட்டு இருக்கும். கிட்டப் போய்ப் பாரு. நடுவுல பழுத்த மஞ்சளா இருக்கும், ஓரத்துல கறுத்து இருக்கும். தலையில வெச்ச தேங்காய் எண்ணெய் பெயிண்ட்டுக்குள்ள ஊறி நாலாபக்கமும் பரவியிருக்கு. பரவின ஓரத்துல தூசி ஒட்டித்தான் அந்தக் கறுப்பு. மேல இருக்கிற அழுக்கை மட்டும் துடைச்சா ரெண்டு நாள்ல உள்ளேயிருந்து எண்ணெய் திரும்பவும் மேல வரும். அதனால எண்ணெயை வெளிய இழுக்கிறதுதான் முதல் வேலை.

புதுக் கறைன்னா டால்கம் பவுடரையோ சோள மாவையோ பஞ்சால ஒத்தி ஒத்தி அப்பி விடு. ராத்திரி முழுக்க இருக்கட்டும். காலையில காஞ்ச பிரஷ்ஷால தட்டி விட்டா எண்ணெயைக் குடிச்ச மாவு கட்டி கட்டியா உதிரும். தேவைப்பட்டா மறுபடியும் அப்பு. டிஸ்டம்பர் சுவருக்கு இதோட நிறுத்திக்கோ. எமல்ஷன் சுவருக்கு இன்னொரு வழியும் இருக்கு. எழுத்து இல்லாத பழுப்புக் காகிதத்தைக் கறை மேல வெச்சு, இஸ்திரிப் பெட்டியை ஆகக் குறைஞ்ச சூட்டுல வெச்சு ரெண்டு மூணு விநாடி மட்டும் ஒத்தி எடு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி பக்கத்துல உருகுற எண்ணெய். மார்கழிக் குளிர்ல சுவருக்குள்ளயே உறைஞ்சு கிடக்கும். லேசான சூடு பட்டதும் இளகிக் காகிதத்துல ஏறிடும். காகிதத்துல எண்ணெய்த் திட்டு தெரிஞ்சதும் வேற இடத்தை மாத்தி வை. நியூஸ் பேப்பரை வெச்சுடாதே, அச்சு மை சுவருக்கு வந்துடும். பெட்டியை வெச்ச இடத்துலயே பிடிச்சுக்கிட்டும் நிக்காதே, பெயிண்ட் கொப்பளிக்கும். எண்ணெய் வர்றது நின்னதும் சோப்புத் தண்ணியால லேசாத் துடைச்சுடு.

வருஷக்கணக்கா ஊறின திட்டு இதுக்கெல்லாம் மசியாது, உண்மையைச் சொல்லிடுறேன். அதுக்கு மேல சும்மா பெயிண்ட் அடிச்சாலும் சில வாரத்துல மறுபடியும் எட்டிப் பார்க்கும். அந்த இடத்தை உப்புத்தாளால தேய்ச்சு, சோப்புப் போட்டுத் துடைச்சுக் காயவிட்டு, ஆயில் பேஸ் பிரைமர் ஒரு கோட் அடிச்சு, அதுக்கு மேலதான் பெயிண்ட் அடிக்கணும். பெயிண்டர் "ரெண்டு கோட் அடிச்சா மறைஞ்சிடும்மா"ன்னு சொல்வார். பிரைமர் போட்டுத்தான் ஆகணும்னு நீ நின்னு பேசு.

இந்தத் திட்டுக்காக வயசானவங்களை அங்க சாயாதீங்க, இங்க சாயாதீங்கன்னு சொல்லாதே. வீட்டுல அவங்களுக்குன்னு இருக்கிற இடமே அந்த ஒரு சாய்மானம்தான். கோரைப்பாயை அந்த அகலத்துக்கு வெட்டி, ஓரத்தைத் துணி வெச்சுத் தைச்சு, ரெண்டு ஆணியில மாட்டி விடு. முதுகுக்குக் குளிர்ச்சியா இருக்கும், கழட்டித் துடைச்சு வெயில்லயும் போடலாம். கட்டில் தலைமாட்டுக்கும் இதே வழிதான்.

ஸ்விட்ச் போர்டைச் சுத்தி வர்ற கறுப்பும் கை எண்ணெயும் வியர்வையும் சேர்ந்ததுதான். அங்க மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் துணி எடுக்கணும். எந்தத் திரவத்தையும் சுவர்ல ஸ்பிரே பண்ணாதே, துணியில பண்ணித் துடை. ஸ்விட்ச் இடுக்குக்கு நல்லாப் பிழிஞ்ச பட்ஸ் போதும்.

மஞ்சளும் குங்குமமும் தனி விஷயம். பூஜை அறைச் சுவர், நிலைப்படி ஓரம், சமையலறையில மஞ்சள் டப்பா திறக்கிற இடம், இங்கெல்லாம் பொடி விழுந்தாப் பதறிப்போய் ஈரத்துணியை எடுக்காதே. பொடி பொடியா இருக்கிற வரைக்கும் அது வெறும் தூசி. தண்ணி பட்டாத்தான் சாயம். வாயால ஊது, மெல்லிய பிரஷ்ஷால தட்டு, எமல்ஷன் சுவர்ல செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடு. முக்கால்வாசி அப்படியே போயிடும்.

ஈரம் பட்டுக் கறையா ஆயிடுச்சுன்னா, மஞ்சள்ல சோப்போ சோடாவோ போடாதே. வெள்ளைச் சட்டையில சாம்பார் சிந்தின இடத்துல பார் சோப்புத் தேய்ச்சதும் சிவப்பாகுமே, பார்த்திருப்பே. மஞ்சள்ல இருக்கிற குர்குமின்ங்கிற நிறமி காரத்தோட சேர்ந்தா சிவக்கும். ஆரத்தித் தட்டுல மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பைக் கலந்ததும் சிவக்கிறதும், சுண்ணாம்புச் சுவர்ல வெச்ச மஞ்சள் பொட்டு நாளாவட்டத்துல செந்நிறமா மாறுறதும் இதே காரணத்தாலதான். சுவர்ல மஞ்சளுக்கு நல்ல மருந்து மெடிக்கல் ஷாப்புல கிடைக்கிற ஸ்பிரிட். வெள்ளைப் பஞ்சுல தொட்டு ஒத்து, தேய்க்காதே. பஞ்சு மஞ்சளாக மஞ்சளாக வேற பஞ்சு மாத்திக்கிட்டே இரு. குர்குமினுக்கு வெயிலும் ஆகாது. ஜன்னல் வெளிச்சம் நேரா விழுற சுவர்னா மிச்சம் இருக்கிற லேசான சாயம் நாளடைவுல தானா வெளுத்துடும். அதை நோண்டாம விட்டுடு. குங்குமத்துல இந்த நம்பிக்கை வைக்க முடியாது. கடைக் குங்குமத்துல செயற்கைச் சாயம் கலந்திருந்தா வெயிலுக்கும் அசையாது. அதனால குங்குமத்துல முதல் ரெண்டு நிமிஷம் காஞ்ச பிரஷ்ஷோட பொறுமையா இருக்கிறதுதான் எல்லாம்.

ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்கும்போது பக்கத்துல விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. பூஜை அறையில இதை மறந்துடுவோம், அதான் சொல்றேன்.

குழந்தைங்க கிறுக்கல். எதால கிறுக்கினதுன்னு பாரு, வைத்தியம் அதுல இருக்கு. பென்சில்னா வெள்ளை அழிரப்பர் போதும். கலர் ரப்பர் தன் நிறத்தை விட்டுட்டுப் போகும். ஸ்கெட்ச் பேனா தண்ணியில கரையிற சாயம், எமல்ஷன்ல ஈரத்துணியே எடுத்துடும். கிரேயான் மெழுகு. அதைத் தண்ணி ஒண்ணும் செய்யாது. ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு லேசாச் சூடு காட்டி, மெழுகு இளகும்போது சோப்புத் தொட்ட துணியால அந்தக் கோட்டோட போக்குலயே ஒத்தி எடு. குறுக்கத் தேய்ச்சா ஒரு கோடு பெரிய திட்டாயிடும். மிச்சத்துக்கு வெள்ளை பேஸ்ட்டை விரல்ல தொட்டு மெதுவாத் தேய்க்கலாம். ஜெல் பேஸ்ட் வேணாம், வெள்ளைப் பேஸ்ட்ல இருக்கிற நைசான பொடிதான் இங்க வேலை செய்யுது. அந்தப் பொடி பெயிண்ட்டையும் கொஞ்சம் அரிக்கும்னு நினைவு வெச்சுக்கோ. கடையில 'மேஜிக் ஸ்பாஞ்ச்'னு விக்கிறாங்களே, வெள்ளையா, நனைச்சுத் தேய்க்கிறது, அதுவும் அப்படித்தான். அது மெலமைன் நுரை. மருந்து எதுவும் அதுல இல்ல. ரொம்ப நைசான உப்புத்தாள் வேலையைத்தான் செய்யுது. எனாமல், மேட் எமல்ஷன் ரெண்டுலயும் தடம் விடும். கடைசிக் கட்டத்துல, அழுத்தாம, நாலே இழுப்புல முடிச்சுக்கோ.

பால்பாயிண்ட் பேனா மை எண்ணெய்ப் பதமுள்ளது. அதுக்கு ஸ்பிரிட்தான். பட்ஸ்ல தொட்டு, கோட்டு மேல மட்டும் உருட்டு. ஒரு உருட்டுக்கு ஒரு பட்ஸ். ஸ்பிரிட் எமல்ஷனையும் இளக்கும், அதனால ஊற விடக் கூடாது. தொட்டதும் ஈரத்துணியால ஒத்திடு. பர்மனென்ட் மார்க்கருக்கும் இதே வழிதான், ஆனா முழுசாப் போகும்னு எதிர்பார்க்காதே. அது மேல நேரா எமல்ஷன் அடிச்சாலும் சாயம் புதுப் பெயிண்ட்டுல ஏறி வரும். எண்ணெய்த் திட்டுக்குச் சொன்ன பிரைமர் இதுக்கும் வேணும்.

குழந்தையை அடிச்சு நிறுத்துற விஷயம் இல்ல இது. கை வளர்ற வயசுல செங்குத்தான பரப்புல பெரிசா வரையிறது அதுக்கு நல்லது. அது கை எட்டுற உயரம் வரைக்கும் ஒரு சுவர்ல சார்ட் பேப்பரை வரிசையா ஒட்டிக் கொடு. சொந்த வீடுன்னா அந்த அளவுக்குக் கரும்பலகை பெயிண்ட்டே அடிச்சுடலாம். 'இது உன் சுவர்'னு சொல்லிப் பாரு, மத்த சுவர் தப்பிச்சுக்கும்.

விளக்கு மாடத்துக்கு மேல படியிற கரியையும், கம்ப்யூட்டர் சாம்பிராணிப் புகையையும், கொசுவத்திச் சுருள் வெச்ச மூலையையும் ஈரத்துணியால தொடவே தொடாதே. கரி ரொம்ப நைசு. ஈரம் பட்டதும் பெயிண்ட் துளைக்குள்ள இறங்கி அங்கயே உட்கார்ந்துக்கும். கெட்டியாப் பிசைஞ்ச மைதா மாவு ஒரு உருண்டை எடு, கொஞ்சம் உப்புப் போட்டு, கையில ஒட்டாத பதத்துல. அதைக் கரி மேல அழுத்தி அழுத்தி எடுத்தா மாவு கறுக்கும், சுவர் வெளுக்கும். அழுக்கான பக்கத்தை உள்ள மடிச்சுப் பிசைஞ்சு புதுப் பக்கத்தைக் காட்டு. இது இன்னைக்கு நேத்து வந்த வழி இல்ல. நிலக்கரி அடுப்பு எரிஞ்ச காலத்துல அமெரிக்க வீடுகள்ல சுவர்த்தாள்ல படிஞ்ச கரியை எடுக்க இப்படி ஒரு மாவையே டப்பாவுல அடைச்சு வித்தாங்க. கேஸ் அடுப்பு வந்து கரி குறைஞ்சதும் அதே மாவுக்குக் கலர் போட்டு 1956-ல பிள்ளைங்க விளையாடக் கொடுத்தாங்க. இப்ப நம்ம பிள்ளைங்க உருட்டி விளையாடுற பிளே-டோ அப்படி வந்ததுதான். வேலை முடிஞ்சதும் மாவைக் குப்பையில போட்டுடு, சுவர்ல துணுக்கு ஒட்டியிருந்தா எறும்பு வரும். கரி எல்லாம் போனதுக்கு அப்புறம்தான் சோப்புத் துணி. விளக்குத் திரியைக் கொஞ்சம் சின்னதா வெச்சு, சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி ஏத்தினா இந்த வேலையே பாதியாயிடும்.

சமையலறை டைல்ஸைப் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல. ஆப்பச் சோடாவையும் பாத்திரத் திரவத்தையும் குழைச்சுத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, வெந்நீர்த் துணியால துடைச்சா தாளிச்ச பிசுக்கு வந்துடும். டைல்ஸ் இடுக்குக்குப் பழைய டூத் பிரஷ். டைல்ஸுக்கு மேல பெயிண்ட் அடிச்ச பகுதிக்கு இந்தச் சோடா வேணாம், சோப்புத் தண்ணி மட்டும்.

கொசுவை அடிச்ச ரத்தத்தைப் பச்சைத் தண்ணியாலதான் துடைக்கணும். வெந்நீர் பட்டா ரத்தத்துல இருக்கிற புரதம் இறுகிச் சுவரோட ஒட்டிடும். பல்லி எச்சத்தை ஈரமா இருக்கும்போது துடைச்சா இழுபடும். காயவிட்டு, பழைய ஏடிஎம் கார்டு ஓரத்தால தட்டி எடுத்துட்டு, தடத்தை மட்டும் சோப்புத் துணியால ஒத்து. குளவி கட்டின மண் கூடும் அப்படித்தான். குளவி போயிடுச்சான்னு பார்த்துக்கிட்டு காஞ்சதும் பெயர்த்துடு. ஸ்டிக்கர் பொட்டு, செல்லோடேப் பசையை எடுக்கத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வாங்க. கண்ணாடி, டைல்ஸ், எனாமல் வரைக்கும் சரி. எமல்ஷன்லயும் டிஸ்டம்பர்லயும் தடவினா பசை போய் எண்ணெய்த் திட்டு வந்துடும். அங்க ஹேர் டிரையர் சூடு காட்டி விரலால உருட்டி எடு. வெத்தலை போடுற பாட்டி விரல்ல மிச்சமான சுண்ணாம்பைத் தூண்ல தடவியிருந்தா, காஞ்ச பிறகு சுரண்டி எடுத்துட்டு, வினிகர்ல பாதி தண்ணி கலந்து பஞ்சால ஒத்தினா கரைஞ்சுடும். உடனே நல்ல தண்ணியால துடைச்சுடு. இது பெயிண்ட் சுவருக்கு மட்டும். சுண்ணாம்புச் சுவர்ல வினிகரோ எலுமிச்சையோ பட்டா சுவரே அல்லவா கரையும்!

சில கறை கறையே இல்ல, வியாதி. ஐப்பசி, கார்த்திகை மழையில சுவரோட அடிப்பக்கம் வெள்ளையாப் பூக்குதே, அது செங்கல்லுலயும் பூச்சுலயும் இருக்கிற உப்பு. ஈரம் அதைக் கரைச்சுக் கொண்டு வந்து மேல விட்டுட்டுக் காயுது. அதைத் தண்ணியால துடைச்சா உப்பு மறுபடியும் கரைஞ்சு உள்ள போய், அடுத்த வாரம் திரும்ப வரும். காஞ்ச பிரஷ்ஷால உதிர்த்துக் கூட்டி அள்ளிடு. தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு தேடு: மொட்டைமாடி விரிசலா, அந்தப் பக்கம் குளியலறைக் குழாயா, வெளிச் சுவரை ஒட்டித் தண்ணி தேங்குதா? அதை அடைக்காம இங்க எத்தனை தடவை பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சாலும் காசுதான் கரையும்.

கறும்புள்ளியாப் படர்ற பூஞ்சை வேற. பீரோவைச் சுவரோட ஒட்டிப் போட்ட இடத்துலயும், துணி காயப்போடுற அறை மூலையிலயும் வரும். மூக்கையும் வாயையும் துணியால கட்டிக்கோ, ஜன்னலைத் திற, குழந்தையை வேற அறைக்கு அனுப்பு. காஞ்ச துணியால தட்டிப் பறக்க விடாதே. துணி வெளுக்கிற பிளீச் ஒரு பங்கு, தண்ணி பத்துப் பங்கு கலந்து ஸ்பாஞ்சால ஒத்தி, பத்து நிமிஷம் விட்டு, நல்ல தண்ணியால துடைச்சு, ஃபேன் போட்டுக் காயவிடு. கலர் சுவர் வெளுக்கலாம், மறைவுல பார்த்துட்டுச் செய். பீரோவை ஒரு சாண் முன்னாடி இழுத்துப் போட்டா காத்து போகும், மறுபடி லேசுல வராது.

இந்த இடத்துல என் பேச்சை அப்படியே கேளு. பிளீச்சோட எதையும் கலக்காதே. கழிவறை கழுவுற திரவத்துல ஆசிட் இருக்கு; அதோட பிளீச் சேர்ந்தா குளோரின் வாயு வரும். வினிகரோட சேர்ந்தாலும் வரும். கண்ணாடி துடைக்கிற திரவத்துல அமோனியா இருந்தா அதோட சேர்ந்தும் நச்சு வாயுதான் வரும். ரெண்டும் சேர்ந்தா நல்லாப் போகும்னு யாராவது சொன்னா நம்பாதே. ஜன்னல் இல்லாத குளியலறையில இதைச் செஞ்சா நுரையீரலுக்கே ஆபத்து.

இப்ப சுண்ணாம்புச் சுவருக்கு வர்றேன். ஊர் வீட்டுல இன்னும் இருக்கும், அதை மட்டமா நினைக்காதே. அது சுவாசிக்கிற சுவர், பூஞ்சையும் லேசுல வராது. அதுல கறை பட்டா எடுக்கிறதுக்குப் பதிலா மூடிடணும். காஞ்ச பிரஷ்ஷால அழுக்கை உதிர்த்து, தேவைப்பட்டா உப்புத்தாளால லேசா இழுத்து, அந்த இடத்தைத் தண்ணி தெளிச்சு நனைச்சுக்கோ. ஊறி அடங்கின கல் சுண்ணாம்பைத் துணியில வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைச்சு, ரெண்டு சொட்டு நீலம் விட்டு, மெல்லிசா ரெண்டு மூணு தடவை பூசு. பூசும்போது ஒண்ணுமே தெரியாது, சுவர் நனைஞ்ச மாதிரிதான் இருக்கும். தெரியலையேன்னு கெட்டியா அப்பினா காஞ்சதும் வெடிச்சு உதிரும். காயக் காயத்தான் வெள்ளை ஏறும். எண்ணெய் ஊறின இடத்துல மட்டும் சுண்ணாம்பு பிடிக்காது, அந்த மேல்பூச்சைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் பூசணும். கல் சுண்ணாம்பு தண்ணியில கொதிச்சுத் தெறிக்கும், கண்ணுல பட்டாப் பார்வைக்கே கேடு. பிள்ளைங்களைப் பக்கத்துல விடாதே, ஊற வைக்கிற வேலையைப் பெரியவங்க யாராவது பார்த்துக்கட்டும்.

பழைய வீட்டுக்குக் குடி போறவங்களுக்கு இன்னொண்ணு. பல வருஷத்துக்கு முன்னாடி அடிச்ச எனாமல் பெயிண்ட்டுல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயிண்ட்டுல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல விதி வந்தது 2016-ல, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முந்தின எனாமல் சுவரையோ ஜன்னலையோ கறை போகணும்னு உப்புத்தாளால காய வெச்சுத் தேய்க்காதே. அந்தத் தூசி தரையில விழும், தவழ்ற குழந்தை கையில ஒட்டி வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையோட மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தேய்ச்சே ஆகணும்னா தண்ணி உப்புத்தாள் வாங்கி நனைச்சுத் தேய்க்கச் சொல்லு, தரையை ஈரத்துணியால துடைச்சுடு. உரிஞ்சு தொங்குற பழைய பெயிண்ட் இருக்கிற ஜன்னல் ஓரத்துல தொட்டிலைப் போடாதே.

எடுக்க முடியாத கறைக்கு டச்சப்தான். வாடகை வீடுன்னா காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பெயிண்டிங்குக்குன்னு பிடிக்கிறது பல இடத்துல வழக்கம். குடி போன அன்னைக்கே எல்லாச் சுவரையும் ஜன்னலைத் திறந்து வெச்சுப் பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிடு. எது உன் கறை, எது முந்தின ஆள் கறைன்னு அப்புறம் வாக்குவாதம் வராது. என்ன பெயிண்ட், என்ன ஷேட் நம்பர்னும் அப்பவே கேட்டு வாங்கிக்கோ.

டச்சப் பண்ணும்போது கறை பட்ட இடத்துல மட்டும் சதுரமா அடிக்காதே. அதே நம்பர் பெயிண்ட்டா இருந்தாலும் பழசு வெளிச்சத்துல கொஞ்சம் மங்கியிருக்கும், புதுசு பட்டை கட்டித் தெரியும். ஒரு மூலையிலேர்ந்து அடுத்த மூலை வரைக்கும் அந்த ஒரு சுவரை முழுசா அடிச்சுடு. மூலையில ரெண்டு சுவருக்கும் வெளிச்சம் வேற வேற மாதிரி விழுறதால வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பொங்கலுக்கு முன்னாடி அடிக்கணும்னு மார்கழியில ஈரச் சுவர் மேல அவசரமா அடிக்க வேணாம். மழை ஈரம் உள்ள இருந்தா கொப்பளிச்சு உரியும். சுவர் காயலைன்னா தை, மாசி வெயில் வரட்டும். மீந்த பெயிண்ட்டைப் பெரிய டின்னுல அரைகுறையா வைக்காம, காத்து புகாத சின்னக் கண்ணாடி பாட்டில்ல விளிம்பு வரைக்கும் ஊத்தி, எந்த அறை, எந்த நம்பர், எந்த மாசம் அடிச்சதுன்னு எழுதி ஒட்டி, பிள்ளைங்க கைக்கு எட்டாத பரண்ல வை. மொட்டைமாடி ரூம் வேணாம், அந்தச் சூட்டுல அடுத்த கோடைக்குள்ள கட்டியாயிடும்.